நிகழ்வு ஆய்வு: 4கே லேப்டாப், பொடி எழுத்து, வராத மானிட்டர்

புகார் வந்தது எழுத்தைப் பத்தியே இல்ல. "தம்பி, டாக்ல மானிட்டர் மாட்டுனா வரவே மாட்டேங்குது, கேபிள மாத்திப் பாத்தேன், மானிட்டரையே மாத்திப் பாத்தேன், ப்ரைட்னஸ் கீயும் வேலை செய்யல, ஒருவேளை போர்டு போயிருச்சா"ன்னு தான் அண்ணன் கேட்டாரு. டாக்னா மானிட்டர், கீபோர்டு எல்லாத்தையும் ஒரே கேபிள்ல லேப்டாப்போட சேக்கற பெட்டி. ரொம்ப வருஷமா சர்வர் பக்கம் வேலை பாக்கறவரு அவரு. சொந்த லேப்டாப்ல டெஸ்க்டாப்னு எதையும் போட மாட்டாரு, டெபியன் 12ங்கற லினக்ஸ், வெறும் கன்சோல் (விண்டோ எதுவும் இல்லாத, எழுத்து மட்டும் ஓடற ஸ்க்ரீன்), அதுல ஸ்க்ரீனைப் பிரிச்சுக்க டீமக்ஸ், எழுத விம், மெயிலுக்கு மட், அவ்வளவுதான் அவரோட உலகம். லேப்டாப் 14 இன்ச், இன்டெல் கிராபிக்ஸ், ஸ்க்ரீன் 3840×2160. இன்னொரு விஷயமும் இங்க முக்கியம், அவருக்கு சாளேஸ்வரம் வந்து கொஞ்ச வருஷமாச்சு, பொடி எழுத்தைப் படிக்கணும்னா கண்ணாடியைக் கழட்டி மாட்டி மூஞ்சியை ஸ்க்ரீன் கிட்ட கொண்டு போகணும்.

இந்தக் கேஸை முழுசா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. கன்சோல்ல எழுத்து சின்னதா இருக்குன்னா நெட்ல தேடுனதும் ஒரு பத்து மருந்து கிடைக்கும், ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு காலத்துல, ஏதோ ஒரு மெஷினுக்கு சரியா இருந்தது தான், ஆனா உங்க மெஷின்ல எழுத்தை முடிவு பண்றது யாருன்னு பாக்காம அதுல எதைப் போட்டாலும் வேற எங்கயோ போய் இடிக்கும். இங்க இடிச்சது மானிட்டர்ல.

முதல்ல பாத்தது

ஹார்டுவேர தொடறதுக்கு முன்னாடி கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எந்த ஆப்ஷன்களோட ஏறியிருக்குன்னு பாக்கறது என் வழக்கம். /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பை கேட் பண்ணா, அதாவது ஸ்க்ரீன்ல காட்டச் சொன்னா, போதும். அதுல கடைசில ரெண்டு ஐட்டம் இருந்துச்சு: விஜிஏ=791, நோமோட்செட். ரெண்டாவதைப் பாத்ததுமே போர்டு போகலன்னு தெரிஞ்சுருச்சு.

உறுதிப்படுத்த இன்னும் ரெண்டு இடம் பாத்தோம். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் டைரக்டரில வழக்கமா கார்டு பேரும் அதோட ஒவ்வொரு கனெக்டர் பேரும் இருக்கும், இடிபி-1 (லேப்டாப்போட சொந்த பேனல்), டிபி-1, டிபி-2 (வெளி மானிட்டருக்கு)ன்னு. இங்க வெர்ஷன்ங்கற ஒரே ஒரு கோப்பு தான் இருந்துச்சு. டிமெசேஜ்ங்கற கெர்னல் லாக்ல ஃப்ரேம்பஃபர் (ஸ்க்ரீன்ல காட்ட வேண்டிய படம் இருக்கற மெமரி) வரியத் தேடுனா இஎஃப்ஐ விஜிஏன்னு ஒரு டிவைஸ் மட்டும், அது கூடவே கன்சோல் 128×48க்கு (128 எழுத்து, 48 வரி) மாறுச்சுன்னு ஒரு வரி. இன்டெல் டிரைவர் ஐ915 பேச்சே இல்ல.

அதோட அர்த்தம் இது தான். நோமோட்செட் போட்டா ஐ915 மாதிரியான டிரைவர்கள் ஸ்க்ரீனை கையில எடுக்காது, பூட் ஆகும்போது யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (போர்டுலயே இருந்து மெஷினை எழுப்பற ப்ரோக்ராம்) விட்டுட்டுப் போன ஒரு ஃப்ரேம்பஃபர் இருக்கும் பாருங்க, அதுலயே கெர்னல் எழுதிட்டு இருக்கும். அந்த ஃப்ரேம்பஃபருக்கு ரெசல்யூஷன் மாத்தத் தெரியாது, புதுசா ஒரு மானிட்டர் மாட்டுனது தெரியாது, பேனலோட பேக்லைட்டும் அதுக்குத் தெரியாது. மானிட்டர் வராததும் ப்ரைட்னஸ் கீ செத்ததும் ஒரே காரணத்தால தான்.

"இதை எதுக்குண்ணே போட்டீங்க"ன்னு கேட்டேன். எழுத்துக்காகத் தான் போட்டாராம்.

அது அங்க எப்படி வந்துச்சு

புது லேப்டாப் வந்து டெபியன் போட்டதும் லாகின் எழுத்து படிக்கவே முடியாத சைஸ்ல இருந்துருக்கு. இது கண்ணு குறை இல்ல, கணக்கு போட்டா தெரியும். 14 இன்ச்ல 3840×2160ன்னா ஒரு இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 315 பிக்சல். கன்சோலோட வழக்கமான ஃபாண்ட் 8×16, அதாவது ஒரு எழுத்துக் கட்டத்தோட உயரம் 16 பிக்சல், அது இந்த பேனல்ல 1.3 மில்லிமீட்டர் தான் வரும். ஒரு வரியில 480 எழுத்து, மொத்தம் 135 வரி. அதே 8×16, 24 இன்ச் 1080பி மானிட்டர்ல 4.4 மில்லிமீட்டர் வரும். நல்ல பார்வை இருக்கறவங்களாலயே 1.3ஐ ரொம்ப நேரம் படிக்க முடியாது.

அவரு தேடிப் பாத்து முதல்ல போட்டது விஜிஏ=791. ஒரு காலத்துல இது ராஜ மருந்து. 1987ல ஐபிஎம் பிஎஸ்/2 மெஷினோட வந்த விஜிஏ டெக்ஸ்ட் மோட்ல 80 எழுத்து, 25 வரி, கட்டம் 9×16, மொத்தம் 720×400 பிக்சல். அதுல எழுத்தை வரையறது கெர்னல் இல்ல, கார்டுல இருக்கற கேரக்டர் ஜெனரேட்டர் தான். அதுக்கப்புறம் வெசாங்கற அமைப்பு வகுத்த ஸ்க்ரீன் மோடுகள் வந்தப்ப 791ன்னு போட்டா 1024×768, 16 பிட் கலர்னு கெர்னல் பூட் ஆகும்போதே பயாஸ் (யுஇஎஃப்ஐக்கு முன்னாடி இருந்த ஃபர்ம்வேர்) கிட்ட கேட்டு வாங்கிக்கும். இந்த மாதிரி நம்பர் மனப்பாடமா சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. ஆனா அந்தக் கேள்வியைக் கேக்கற கோட் பழைய பயாஸ் வழியில பூட் ஆனா மட்டும் தான் ஓடும், யுஇஎஃப்ஐ வழியில ஏறுன கெர்னல்ல விஜிஏ= போட்டும் ஒண்ணும் ஆகாது. அவருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா வரியை எடுக்காம அப்படியே விட்டுட்டாரு.

ரெண்டாவது போட்டது கிரப்ல, அதாவது கெர்னலை ஏத்தற ப்ரோக்ராம்ல: /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்புல கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட்=1024×768, கூடவே கிரப்_ஜிஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ்=கீப். இது பாதி வேலை செஞ்சுது. கிரப் மெனு பெருசாச்சு, கெர்னல் ஆரம்ப வரிகளும் பெருசா வந்துச்சு, அடுத்த சில நொடில ஐ915 ஏறுனதும் ஸ்க்ரீன் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து மறுபடி 3840×2160க்கே போயிருச்சு. இது டிரைவரோட தப்பு இல்ல, 2009ல 2.6.29 கெர்னல்ல இன்டெலுக்கு கெர்னல் மோட் செட்டிங் வந்ததுல இருந்து அதோட வேலையே அது தான், பேனல் கிட்ட உன்னோட இயல்பான ரெசல்யூஷன் என்னன்னு கேட்டு அதையே வைக்கறது. கிரப் வெச்சது கிரப்போட முடிஞ்சுரும்.

மூணாவது தான் நோமோட்செட். டிரைவரே வரலன்னா கிரப் வெச்ச 1024×768 அப்படியே நின்னுரும், 128 எழுத்து, 48 வரி, நல்லா பெரிய எழுத்து. 4:3 படத்தை 16:9 பேனல்ல இழுத்துக் காட்டுனதால எழுத்து கொஞ்சம் தட்டையா மங்கலா இருந்துச்சாம், ஆனா படிக்க முடிஞ்சுது, அது போதும்னு வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. டாக் வாங்குனது அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, அதனால ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அவருக்கு மட்டும் இல்ல, யாருக்குமே தோணாது.

கண்ணால பாத்தாலே பாதி தெரியும்

நோமோட்செட்டையும் விஜிஏ=791ஐயும் எடுத்துட்டு, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் பண்ணோம். மானிட்டர் உடனே வந்துச்சு, ப்ரைட்னஸ் கீ வந்துச்சு. லாகின் எழுத்து பழையபடி பொடிசு. இப்ப தான் நிஜமான கேஸ் ஆரம்பிக்குது.

டாக்கைக் கழட்டிட்டு மறுபடி ஒரு தடவை பூட் பண்ணி, "அண்ணே, எந்த இடத்துல எழுத்து சின்னதாகுதுன்னு மட்டும் பாருங்க"ன்னேன். பவர் போட்டதுல இருந்து லாகின் வர்ற வரைக்கும் இந்த ஸ்க்ரீன் பல கை மாறும். ஃபர்ம்வேர், அப்புறம் கிரப், அப்புறம் ஃபர்ம்வேர் ஃப்ரேம்பஃபர்ல எழுதற கெர்னல், அப்புறம் ஐ915, கடைசியா சிஸ்டம் ஏறும்போது யூசர்ஸ்பேஸ்ல (கெர்னலுக்கு வெளிய) இருந்து ஃபாண்ட் லோடு பண்ற ப்ரோக்ராம். ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னாடி இருந்தவரு வெச்சதைக் கலைக்கலாம். எழுத்து எப்ப மாறுதோ அப்ப யாரு கையில இருந்துச்சோ அவங்கள மட்டும் கவனிச்சா போதும், மத்தவங்களைத் தொடவே வேண்டாம்.

அவரு பாத்துட்டு சொன்னது எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. "ஒரு தடவை கண்ணை மூடித் திறக்குதுல்ல, அதுக்கப்புறமும் எழுத்து நல்லா தான் இருக்கு தம்பி, பெருசா அழகா கூட இருக்கு, அந்த ஓகே ஓகேன்னு பச்சையா வரிசையா வரும்ல, அது பாதி வரும்போது தான் சடார்னு பொடிசாகுது."

அப்படின்னா கெர்னலும் சரி, டிரைவரும் சரி, ரெசல்யூஷனும் சரி. 3840×2160லயே எழுத்து பெருசா தான் ஆரம்பிக்குது, அதுக்கப்புறம் தான் யாரோ கெடுக்கறாங்க. இதுக்கு லாக்லயே ருசு இருந்துச்சு. டிமெசேஜ்ல ஐ915 ஏறுனப்ப கன்சோல் 240×67க்கு மாறுச்சுன்னு ஒரு வரி. 3840ஐ 240ஆல வகுத்தா 16, அப்ப அது 16 பிக்சல் அகலம், 32 பிக்சல் உயரம் உள்ள ஃபாண்ட். ஆனா லாகின் பண்ணி எஸ்டிடிஒய் சைஸ்னு கமாண்ட் போட்டா 135 480ன்னு (வரி, எழுத்து) வருது, அது 8×16. லாக் ஒண்ணு சொல்லுது, ஸ்க்ரீன் ஒண்ணு சொல்லுது, இடையில ஃபாண்ட் மாறியிருக்கு. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதை விட வேகமான சோதனை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அந்த 16×32 எங்க இருந்து வந்துச்சுன்னா, 2019ல 5.0 கெர்னல்ல டெர்மினஸ் 16×32 ஃபாண்டை கெர்னலுக்குள்ளயே சேத்தாங்க. டெர்மினஸ் வந்து டிமிதர் ஷெகோவ் செஞ்ச பிட்மேப் ஃபாண்ட், நாள் பூரா கன்சோலையே பாத்துட்டு உக்காந்துருக்கறவங்களுக்குன்னே வரைஞ்சது, சுழியமும் ஓவும், ஒண்ணும் எல்லும் ஒண்ணோட ஒண்ணு குழம்பாது. ஸ்க்ரீன் ரொம்ப அடர்த்தின்னா இப்ப வர்ற கெர்னல் தானாவே அந்தப் பெரிய ஃபாண்டை எடுத்துக்கும், அந்த ஃபாண்டை உள்ள வெச்சு பில்டு பண்ணியிருந்தா. இந்த மெஷின்ல /பூட் டைரக்டரில இருக்கற கான்ஃபிக் கோப்புல பாத்தோம், இருந்துச்சு. ஆக கெர்னல் ஏற்கனவே சரியான முடிவை எடுத்துருச்சு, கலைச்சது கன்சோல்-செட்டப்.

கன்சோல்-செட்டப்

டெபியன், உபுண்டு ரெண்டுலயும் இந்த வேலையைப் பாக்கறது /ஈடிசி/டீஃபால்ட்/கன்சோல்-செட்டப். அதுல ஃபாண்ட்ஃபேஸ்=ஃபிக்ஸ்டு, ஃபாண்ட்சைஸ்=8×16ன்னு இன்ஸ்டால் பண்ணப்ப வந்த மதிப்பு அப்படியே இருந்துச்சு. ஸ்க்ரீன் என்ன சைஸ்னு அது கேக்கறதே இல்ல, 8×16ன்னு எழுதியிருந்தா 8×16 தான். டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப் ஓட்டுனா கேள்வி கேக்கும், என்கோடிங் யுடிஎஃப்-8, எழுத்துத் தொகுப்பு லாட்15, ஃபாண்ட் டெர்மினஸ், சைஸ் 16×32ன்னு சொன்னோம், உடனே ஸ்க்ரீன் மாறுச்சு, ரீபூட்லயும் நின்னுச்சு.

கோப்பைக் கையால திருத்தறவங்க ஒண்ணு கவனிக்கணும். பூட் ஆகும்போது டிரைவர் கன்சோலை எடுத்ததும் யுடெவ் (டிவைஸ் வர்றதைக் கவனிக்கற ப்ரோக்ராம்) விதி ஒண்ணு ஓடும், அது ஓட்டறது /ஈடிசி/கன்சோல்-செட்டப்ல கேச் பண்ணி வெச்ச ஒரு குட்டி ஸ்கிரிப்டை, நீங்க திருத்துன கோப்பை இல்ல. அதனால திருத்துனதும் செட்டப்கான் --சேவ் ஒரு தடவை ஓட்டிருங்க. "கோப்புல சரியா தான் இருக்கு, ஸ்க்ரீன்ல மாறல"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறது அந்தக் கேச் ஸ்கிரிப்டைத் தான்.

எழுத்துத் தொகுப்புல லாட்15 ஏன்னு அண்ணன் கேட்டாரு, ஏன்னா யுனி2ங்கற இன்னொரு தொகுப்புல நிறைய எழுத்து இருக்கே, அது நல்லது தானேன்னு. கன்சோல் ஃபாண்ட்ல ஒண்ணு 256 உருவம் இருக்கும், இல்ல 512, அதுக்கு மேல இடம் கிடையாது. ஒரு எழுத்துக்கு கெர்னல் ஒதுக்கியிருக்கறது 16 பிட், பாதி எழுத்துக்கு, பாதி நிறத்துக்கு. 512 உருவம் வேணும்னா நிறத்துல இருந்து ஒரு பிட்டைக் கடன் வாங்கணும், அது பளிச் நிறத்துக்கான பிட், அதனால முன் நிறம் 16ல இருந்து 8 ஆயிரும். விம்ல கலர் ஸ்கீம் போட்டு வேலை பாக்கறவருக்கு அது உடனே தெரியும். லாட்15ல 256 உருவம் தான், ஆனா டீமக்ஸ் போடற கோடுகளுக்கு வேண்டிய உருவங்கள் அதுல இருக்கு, நிறமும் 16 முழுசா கிடைக்கும். இங்கிலீஷ்லயே கோட் எழுதறவருக்கு லாட்15 தான் சரி.

இங்கயே தமிழைப் பத்தியும் சொல்லிடணும், ஏன்னா அண்ணனோட ஹோம் டைரக்டரில தமிழ்ப் பேர்ல கோப்புங்க இருந்துச்சு, அதெல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சுது, "ஃபாண்ட் மாத்துறப்ப அப்படியே இதையும் சரி பண்ணிரலாமா"ன்னு ஆசையா கேட்டாரு. முடியாதுண்ணே. 247 எழுத்து தானே, 512ல அடங்குமேன்னு தோணும், பிரச்சனை எண்ணிக்கையில இல்ல. கெர்னல் கன்சோல் ஒரு யுனிகோட் குறியீட்டுக்கு ஒரு உருவத்தை ஒரு கட்டத்துல வைக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். யுனிகோட்ல கொங்கறது கவும் ஒகரக் குறியும் சேந்த ரெண்டு குறியீடு, அந்தக் குறி எழுத்துக்கு முன்னாடி பாதி பின்னாடி பாதின்னு பிரிஞ்சு உக்காரணும், அதே மாதிரி கெ, கே, கைல குறி எழுத்துக்கு முன்னாடி போகணும், கு கூல எழுத்தோட உருவமே மாறணும். இப்படிச் சேத்து அடுக்கற வேலையைச் செய்ய கன்சோல்ல யாரும் இல்ல. எந்த பிஎஸ்எஃப் ஃபாண்டை (கன்சோல் ஃபாண்டோட கோப்பு வகை அது) கொண்டு வந்தாலும் இது மாறாது. தமிழ் படிக்கணும்னா பாங்கோங்கற லைப்ரரி வழியா எழுத்தை அடுக்கற கேஎம்எஸ்கான் மாதிரி வேற ஒரு கன்சோல் ப்ரோக்ராம் வேணும், இல்லைன்னா கிராபிக்ஸ் இருக்கற இன்னொரு மெஷின்ல இருந்து எஸ்எஸ்ஹெச்ல (நெட்வொர்க் வழியா) நுழையணும். அண்ணன் ரெண்டாவதைத் தான் பண்றாரு. நம்ம எழுத்துக்கு கெர்னல் கன்சோல்ல இன்னும் இடம் இல்லைங்கறது எனக்கு மனசுக்கு உறுத்தலா தான் இருக்கு.

ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாதுன்னு சொன்ன நானே

பொதுவா நான் சொல்றது, எழுத்து சின்னதா இருந்தா ஃபாண்டைப் பெருசாக்குங்க, ரெசல்யூஷனைத் தொடாதீங்கன்னு தான். 3840×2160ல 16×32 போட்டாலும் சரி, 1920×1080ல 8×16 போட்டாலும் சரி, ரெண்டுலயும் 240 எழுத்து 67 வரி தான், கண்ணுக்குத் தெரியற சைஸும் ஒண்ணு தான். ஆனா முதல்ல சொன்னதுல ஒரு எழுத்துக்கு நாலு மடங்கு புள்ளி இருக்கு, வளைவெல்லாம் தெளிவா இருக்கும், பேனல் இழுத்து நிரப்பற மங்கலும் கிடையாது.

ஆனா 16×32 இந்த பேனல்ல 2.6 மில்லிமீட்டர். எனக்கு அது போதும். அண்ணனுக்குப் போதல, பழைய 1024×768லயே பழகுன கண்ணு, அங்க ஒரு கட்டம் 3.6 மில்லிமீட்டர் இருந்துச்சு. இன்னும் பெரிய ஃபாண்ட் போடலாம்னா, ஃபாண்டை ஏத்தற செட்ஃபாண்ட் கமாண்ட்ல -டி ஆப்ஷன் இருக்கு, இருக்கற ஃபாண்டை ரெண்டு பக்கமும் இரட்டிப்பாக்கும், ஆனா டெபியன் 12ல இருக்கற 6.1 கெர்னல் 32×32க்கு மேல எந்த ஃபாண்டையும் ஏத்துக்காது. டெர்மினஸோட பெரிய சைஸே 16×32 தான். அப்ப இந்தக் கெர்னலோட இருக்கற வரைக்கும் ரெசல்யூஷனைக் குறைக்கறதைத் தவிர வேற வழி இல்ல. இந்த இடத்துல அது சரியான மருந்து, ஆனா போட வேண்டிய இடம் கிரப் இல்ல, நோமோட்செட் இல்ல, ஐ915 கிட்டயே சொல்றது தான்: கெர்னல் வரியில வீடியோ=இடிபி-1:1920×1080@60. கனெக்டர் பேரை /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்ல பாத்து அப்படியே குடுக்கணும். பேனலோட மோட்ஸ் கோப்புல 3840×2160 மட்டும் தான் இருந்துச்சு, இருந்தாலும் இன்டெல் சிப்புல இருக்கற பேனல் ஃபிட்டர் 1920×1080ஐ இழுத்து நிரப்பிக் குடுத்துரும், சரியா ரெண்டு மடங்குங்கறதால மங்கல் ரொம்ப இல்ல.

இதுல ரெண்டு நல்லதும் சேந்து வந்துச்சு. ஒண்ணு வேகம். 3840×2160, 32 பிட்டுன்னா ஒரு ஸ்க்ரீன் நிறைய 33 எம்பி, கன்சோல் ஸ்க்ரோல் ஆகும்போது அவ்வளவையும் சிபியு தள்ளணும், பெரிய லாக்கை கேட் பண்ணா இழுத்துட்டுப் போறது கண்ணுலயே தெரியும். 1080ல 8.3 எம்பி தான்.

இன்னொண்ணு டாக் மானிட்டர். அது 1920×1080. ரெண்டு ஸ்க்ரீன் சேந்து இருந்தா கெர்னல் கன்சோல் ரெண்டுலயும் ஒரே படத்தைக் காட்டும், அதோட அளவை ரெண்டுல சின்னதுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கும், அதனால நோமோட்செட் எடுத்த புதுசுல டாக்கோட பூட் பண்ணப்ப லேப்டாப் பேனல்ல எழுத்தெல்லாம் மேல இடது மூலையில கால்வாசி இடத்துல ஒடுங்கி நின்னுச்சு, மீதி கருப்பு. அண்ணன் அதைப் பாத்து பேனல் போயிருச்சோன்னு பயந்துட்டாரு. ரெண்டையும் 1920×1080 ஆக்குனதும் ரெண்டும் நிறைஞ்சுது. மூடி வெச்சே வேலை பாக்கறவங்களா இருந்தா வீடியோ=இடிபி-1:டின்னு சின்ன எழுத்து டி போட்டு பேனலையே அணைக்கலாம், ஆனா டாக் இல்லாத அன்னைக்கு லேப்டாப் குருடாயிரும், அதனால இவருக்கு அது வேண்டாம்னு விட்டுட்டேன்.

1080க்கு வந்ததும் ஃபாண்ட் சைஸை மறுபடி யோசிச்சோம். 16×32 போட்டா 120 எழுத்து, 33 வரி, பேனல்ல 5.2 மில்லிமீட்டர், டாக் மானிட்டர்ல போஸ்டர் மாதிரி. 12×24 போட்டா 160 எழுத்து, 45 வரி, பேனல்ல 3.9 மில்லிமீட்டர். அண்ணன் விம்ல ஸ்க்ரீனை ரெண்டா பிரிச்சு பக்கத்துல பக்கத்துல திறந்து வேலை பாக்கறவரு, ஒவ்வொரு பக்கமும் 80 எழுத்து வேணும், அதனால 12×24லயே நின்னுட்டாரு. வரி எண்ணிக்கையைக் குறைக்கறதுல இன்னொரு நஷ்டம் இருக்கு, 2020ல 5.9 கெர்னல்ல கன்சோலோட ஸ்க்ரோல்பேக் கோடைப் பராமரிக்க ஆள் இல்லாம எடுத்துட்டாங்க, ஷிஃப்ட் பேஜ்அப் அடிச்சு மேல போய்ப் பாக்கற பழக்கம் இனி நடக்காது, போன வரி போனது தான், டீமக்ஸுக்குள்ள இருந்தா தான் திரும்பப் பாக்க முடியும். பூட் நேரத்து வரிகளுக்கு ஜர்னல்சிடிஎல் -பி.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சம் இருந்துச்சு. 1080ன்னு ஆனதும் இது அடர்த்தியான ஸ்க்ரீன் இல்லைன்னு கெர்னல் நினைச்சுக்கும், அதனால ஆரம்பத்துல 8×16 தான் எடுக்கும், கன்சோல்-செட்டப் ஓடுன பிறகு தான் 12×24 வரும். டிஸ்க்ல ஏதோ பிரச்சனைன்னு ஆரம்பத்துலயே எமர்ஜென்சி ஷெல்லுக்குப் போய் நின்னுட்டா, யூசர்ஸ்பேஸ் ஃபாண்ட் வராமயே போகலாம். எழுத்து தெளிவா தெரிய வேண்டிய நேரமே அது தான், டிஸ்க்கைச் சரி பாக்கற எஃப்எஸ்சிகே என்ன கேக்குதுன்னு தெரியாம யெஸ் அடிக்கற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. அதுக்கு எஃப்பிகான்=ஃபாண்ட்:டெர்16×32ன்னு கெர்னல் வரியில சேத்தோம், கெர்னலுக்குள்ளயே இருக்கற ஃபாண்டுங்கறதால இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட் ஆரம்பத்துல ஏறற குட்டி ஃபைல் சிஸ்டம்) எதையும் திணிக்க வேண்டாம். பூட் முழுக்க 33 வரி பெரிய எழுத்து, லாகின் வரும்போது 45 வரி.

கிரப்ல 1024×768ஐ அப்படியே விட்டோம், மெனுவுக்கு அது தான் வசதி, அதுக்கப்புறம் வர்றதை அது கெடுக்கறதும் இல்ல. கிரப்பை முழு ரெசல்யூஷன்ல வைக்கணும்னு ஆசைப்படறவங்க கிரப்-எம்கேஃபாண்ட் வெச்சு டெஜாவு மோனோவை 32 சைஸ்ல பிஎஃப்2ங்கற கிரப் ஃபாண்ட் வகையா மாத்தி கிரப்_ஃபாண்ட்ல வழியைக் குடுத்துக்கலாம்.

ஆர்ச், ஃபெடோரா வெச்சிருக்கறவங்களுக்கு கோப்பு தான் வேற, கதை இதே தான். /ஈடிசி/விகன்சோல்.கான்ஃப்ல ஃபாண்ட்=டெர்-132என் அப்படின்னு ஒரு வரி, 1ங்கறது எழுத்துத் தொகுப்பு, 32 உயரம், என் சாதா, பி தடிமன். டெர்மினஸ் பேக்கேஜை முதல்ல போட்டிருக்கணும். ஆர்ச்ல ஆரம்பத்துலயே பெரிய எழுத்து வேணும்னா இனிட்ராம்எஃப்எஸ் செய்யற எம்கேஇனிட்சிபிஐஓவோட ஹூக்ஸ் பட்டியல்ல கேஎம்எஸ், கன்சோல்ஃபாண்ட் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, டிரைவர் லேட்டா ஏறுனா அதுக்கு முன்னாடி போட்ட ஃபாண்ட் காணாம போக வாய்ப்பு இருக்கு.

இப்ப அண்ணனோட கெர்னல் வரியில இருக்கறது ரெண்டே ரெண்டு, வீடியோவும் எஃப்பிகானும். டெபியன் 13க்கு மாறும்போது ரெண்டையும் எடுத்துரலாம்னு பேசி வெச்சிருக்கோம், ஏன்னா 2023ல கெர்னல்ல ஃபாண்ட் வரம்பை 64×128 வரைக்கும் உயர்த்திட்டாங்க, 13ல இருக்கறது 6.12. பேனலை முழு 3840×2160க்கே விட்டுட்டு, டெர்மினஸ் 12×24ஐ செட்ஃபாண்ட் -டி போட்டு 24×48 ஆக்குனா அதே 160 எழுத்து, அதே 45 வரி, பேனல் இழுத்து நிரப்பற மங்கல் இல்லாம கிடைக்கும். அந்த இரட்டிப்பு ஃபாண்டை செட்ஃபாண்ட் -ஓ போட்டு ஒரு கோப்பா சேமிச்சு கன்சோல்-செட்டப்ல ஃபாண்ட்= வரியில அதோட பேரைக் குடுத்தா பூட்ல தானா வந்துரும். டாக்குல மாட்டற நாளுக்கு மட்டும் அது ஒத்து வராது, மானிட்டரோட 1920×1080க்கு கன்சோல் சுருங்குனா 24×48ல 80 எழுத்து 22 வரி தான் மிஞ்சும், அப்ப /சிஸ்/கிளாஸ்/கிராபிக்ஸ்/எஃப்பி0ல விர்ச்சுவல்_சைஸைப் படிச்சு 1920ன்னா 12×24, 3840ன்னா 24×48ன்னு செட்ஃபாண்ட் ஓட்டற ஒரு குட்டி ஸ்கிரிப்டை லாகின்ல சேக்கணும். அந்த ஸ்கிரிப்டை அண்ணனே எழுதறேன்னுருக்காரு.